கீமோ நடக்கும்போது மருதம்பட்டைக் கசாயம் கொடுக்கலாமா? அம்மாவின் இதயத்துக்காகக் கேட்கிறேன்

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். இங்கே பல மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை.

அம்மாவுக்கு 56 வயது. மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து இப்போது கீமோ போய்க்கொண்டிருக்கிறது. 21 நாளுக்கு ஒருமுறை டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்த்து நான்கு தடவை, அது முடிந்ததும் வாரம் ஒருமுறை பாக்லிடாக்செல் 12 வாரம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு தடவை முடிந்துவிட்டது. டாக்ஸோரூபிசின் என்கிற அந்தச் சிவப்பு மருந்து உள்ளே இறங்கும்போது அம்மா கண்ணை மூடிக்கொள்வார், நான் வெளியே போய் நின்றுவிடுவேன்.

ஒப்புதல் படிவத்தில் "இதயத் தசை பாதிக்கப்படலாம்" என்று ஒரு வரி இருந்தது. படித்த நாளிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. அம்மாவுக்கு எட்டு வருடமாக பிரஷர் மாத்திரை ஓடுகிறது, சர்க்கரை இல்லை. கீமோ தொடங்குவதற்கு முன் எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) ஈ.எஃப்., அதாவது இதயம் ரத்தத்தைப் பம்ப் செய்யும் அளவு, 62 என்று இருந்தது. நல்ல எண்தான் என்றார்கள்.

இப்போது விஷயம் என்னவென்றால், பெரியப்பா போன வாரம் நாட்டு மருந்துக் கடையில் மருதம்பட்டைத் தூள் கால் கிலோ வாங்கி வந்துவிட்டார். காலை, மாலை இரண்டு வேளையும் பாலில் கொதிக்க வைத்துக் கொடு, கீமோ இதயத்தைத் தொடாது, ஆராய்ச்சியிலேயே நிரூபித்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோவைக் காட்டினார். அதை நம்பாமல் நானே தேடிப் பார்த்தேன். உண்மையிலேயே கட்டுரைகள் இருக்கின்றன. மருதம்பட்டை மட்டுமில்லை, மஞ்சள், திராட்சை விதை, பச்சைத் தேயிலை, கருஞ்சீரகம், பால் நெருஞ்சில் என்று போய்க்கொண்டே இருக்கிறது, எதை எடுத்துப் படித்தாலும் டாக்ஸோரூபிசினிடமிருந்து இதயத்தைக் காக்கிறது என்றுதான் முடிகிறது. இத்தனை பேர் எழுதியிருக்கும்போது மருத்துவமனையில் ஏன் யாருமே சொல்வதில்லை?

டாக்டரிடம் கேட்கலாம்தான். மூன்று நிமிடம் கிடைக்கும், அதில் கேட்டால் எரிச்சலாகிவிடுவாரோ என்று தயக்கம். பெரியப்பா மனதையும் நோகடிக்க முடியாது, அப்பா போன பிறகு எங்களுக்கு எல்லாமே அவர்தான். அம்மா இன்னும் குடிக்கத் தொடங்கவில்லை. மூன்றாவது கீமோ வருகிற செவ்வாய்க்கிழமை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நெல்லைச்சீமை எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. அம்மா இன்னும் தொடங்கவில்லை என்றால் இப்போதைக்குத் தொடங்க வேண்டாம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் படித்த மாதிரிக் கட்டுரைகளுக்கான வேலையை நானே நான்கு வருடம் செய்திருக்கிறேன். மருந்தியல் ஆய்வு, எலிகள், டாக்ஸோரூபிசின், ஒரு மூலிகைச் சாறு. அந்தக் கட்டுரைகள் பொய் இல்லை. ஆனால் அவை கேட்ட கேள்வி வேறு, நீங்கள் கேட்கும் கேள்வி வேறு.

சோதனை பெரும்பாலும் எப்படி நடக்கும் தெரியுமா? நல்ல ஆரோக்கியமான எலிகளை எடுத்து இரண்டு மூன்று வாரம் மூலிகைச் சாறு புகட்டுவோம். அப்புறம் வயிற்றுக்குள் டாக்ஸோரூபிசின் ஊசி, பல ஆய்வுகளில் கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிகிராம், ஒரே தடவையில். எலியின் அளவை மனிதருக்கு மாற்றும் வழக்கமான கணக்கில் 20 மில்லிகிராம் என்பது உங்கள் அம்மாவுக்கு இரண்டு தடவையில் ஏற்றும் மருந்தை ஒரே நாளில் ஏற்றுவதற்குச் சமம். இரண்டு மூன்று நாளில் ரத்தம் எடுத்து இதயத் தசை நொதிகளைப் பார்ப்போம், இதயத்தை எடுத்து அரைத்து அதில் செல்களைக் காக்கும் குளுடாதயோன் என்ற பொருள் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று அளப்போம். சாறு குடித்த எலிகளின் எண்கள் கொஞ்சம் நன்றாக இருக்கும். கட்டுரை எழுதிவிடலாம்.

அந்த எலிகளுக்குப் புற்றுநோய் கிடையாது. இதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. சாறு இதயத்தைக் காத்ததா என்று பார்த்தோம், அதே சாறு புற்றையும் சேர்த்துக் காத்துவிடுமா என்று பெரும்பாலான ஆய்வுகளில் பார்க்கவே இல்லை. நோயே இல்லாத எலியில் அதைப் பார்க்கவும் முடியாது. உங்கள் அம்மாவுக்கோ அந்த இரண்டாவது பாதிதான் உயிர்.

இது கற்பனைப் பயம் என்று நினைக்காதீர்கள். மஞ்சளின் குர்குமினை எடுத்துக்கொள்ளுங்கள். 2002ல் மார்பகப் புற்று செல்களிலும், அந்தப் புற்று வளர்ந்த சுண்டெலிகளிலும் சோதித்தார்கள். குர்குமின் கலந்த தீவனம் தின்ற எலிகளில் சைக்ளோபாஸ்பமைடு புற்றைச் சரியாகச் சுருக்கவில்லை. சைக்ளோபாஸ்பமைடு உங்கள் அம்மாவுக்குப் போகிற இரண்டாவது மருந்து. எலியில் நடந்தது மனிதரிலும் நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எலியை நம்பி மூலிகை கொடுப்பவர், இந்த எலியையும் சேர்த்துத்தானே நம்ப வேண்டும்?

மனிதர்களிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பெரிய கீமோ ஆய்வில் சேர்ந்திருந்த 1,134 மார்பகப் புற்று நோயாளிகளிடம் என்னென்ன சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுத் தொடர்ந்து கவனித்தார்கள், 2020ல் முடிவு வந்தது. அவர்களுக்குப் போன மருந்துகள் டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு, பாக்லிடாக்செல். அப்படியே உங்கள் அம்மாவின் பட்டியல். வைட்டமின் ஏ, சி, ஈ போன்ற ஆன்டிஆக்சிடன்ட் (செல்களைச் சிதைக்கும் தீவிர மூலக்கூறுகளை அடக்கும் பொருள்) மாத்திரைகளைக் கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் விகிதம் சுமார் 40 விழுக்காடு கூடுதலாகத் தெரிந்தது. எடுத்தவர்கள் கொஞ்சம் பேர் என்பதால் அடித்துச் சொல்ல முடியாத அளவு அது, உண்மைதான். ஆனாலும் காட்டிய திசை நல்ல திசை இல்லை.

இன்னொன்று, டாக்ஸோரூபிசின் இதயத்தைக் கெடுக்கிற விதம் பற்றி. உடலுக்குள் அது இரும்போடு சேர்ந்து தீவிர மூலக்கூறுகளை உண்டாக்குகிறது, இதயத் தசையில் அவற்றை அடக்கும் நொதிகள் குறைவு, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா அதிகம், அதனால்தான் இதயம் அடிபடுகிறது என்று நீண்ட காலம் நம்பினோம். அப்படியானால் ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால் போதுமே? கொடுத்துப் பார்த்தார்கள். 1977ல் வைட்டமின் ஈ சுண்டெலிகளைப் பிரமாதமாகக் காத்தது. அடுத்த சில வருடங்களில் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. 1983ல் அசிடைல் சிஸ்டீன் என்ற இன்னொரு ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் காக்கவில்லை. பிறகு 2012ல், இதயச் செல்களில் டோபோஐசோமரேஸ் 2 பீட்டா என்ற நொதியின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்கு டாக்ஸோரூபிசின் கொடுத்தார்கள், இதயம் பெரிதாகக் கெடவில்லை. மருந்து அந்த நொதியைப் பிடித்துக்கொண்டு டி.என்.ஏ.வை வெட்டுவதுதான் தொடக்கம், மற்ற பலவும் அதன் பின்னால் வருபவை என்று இப்போது நினைக்கிறார்கள். மூலிகைக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இன்னும் ஆன்டிஆக்சிடன்ட் கணக்கையே அளந்துகொண்டிருக்கின்றன.

மருதம்பட்டை எலி ஆய்வும் எனக்குத் தெரியும். அதில் கொடுத்தது பட்டையிலிருந்து பியூட்டனால் கரைப்பானில் பிரித்த ஒரு பகுதியை. பாலில் கொதிக்கும் தூளும் அதுவும் ஒன்றல்ல.

மனிதரில் சோதனையே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எகிப்தில் ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குப் பால் நெருஞ்சிலின் சிலிமரின் கொடுத்துப் பார்த்து, இதயத்தின் ஆரம்பகால அளவீடுகள் கொஞ்சம் மேல் என்று எழுதியிருக்கிறார்கள். சிறிய ஆய்வு. அதுபோல இன்னும் சில. இதை வைத்து ஓர் அம்மாவுக்குக் கொடுங்கள் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வராது.


கொன்றைப்பூ எழுதியது:

தம்பி, நான் ஆராய்ச்சி எல்லாம் படிக்கவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு 41 வயதில் வந்தது, ஆறு வருடம் ஆகிறது, இப்போது நன்றாக இருக்கிறேன். உங்கள் அம்மாவுக்குப் போகிற அதே மருந்துதான் எனக்கும். ஏற்றிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, முதல் நாள் ராத்திரி பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

மாமியார் ஒரு லேகியமும் ஒரு கசாயமும் கொடுத்தார். அன்பாகத்தான் கொடுத்தார். கசாயத்தில் சீந்தில், நிலவேம்பு, இன்னும் என்னென்னவோ. டாக்டரிடம் நான் சொல்லவில்லை. இரண்டு வாரம் குடித்திருப்பேன். மூன்றாவது கீமோவுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் ஏழெட்டு மடங்கு ஏறியிருந்தன. கீமோவை நிறுத்திவிட்டார்கள். என்ன ஆயிற்று, மருந்தாலா, மஞ்சள் காமாலையா, நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டதா என்று ஸ்கேன், மறுபடி ஸ்கேன். அந்த ஒன்பது நாள் நான் பட்டதை எழுத முடியாது. கடைசியில் ஒரு நர்ஸ் அக்கா தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது நாட்டு மருந்து குடிக்கிறீர்களா, திட்ட மாட்டேன், சொல்லுங்கள் என்று கேட்டார். சொன்னேன். நிறுத்தினேன். எண்கள் இறங்கின. கசாயத்தால்தான் என்று நூறு சதவீதம் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் கீமோ மூன்று வாரம் தள்ளிப் போனது மட்டும் நிஜம்.

அதனால் உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். கொடுங்கள், கொடுக்காமல் இருங்கள், டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. கீமோ முடிந்து எனக்கு நோய் திரும்பாமல் இருக்க டமோக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். அப்போது மஞ்சள் கேப்ஸ்யூல் மிளகுச் சத்தோடு சேர்த்து ஒன்று விற்றுக்கொண்டிருந்தார்கள், என் தங்கை வாங்கி வந்தாள். டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். காரணம் புரியவில்லை, கேட்கவும் இல்லை.


நெல்லைச்சீமை எழுதியது:

கொன்றைப்பூ அக்கா, காரணம் இருக்கிறது. நெதர்லாந்தில் டமோக்சிஃபென் சாப்பிடும் 16 பேருக்குக் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள், 2019ல் வெளிவந்தது. டமோக்சிஃபென் உடலுக்குள் போய் எண்டாக்சிஃபென் ஆக மாறித்தான் வேலை செய்யும். குர்குமினோடு மிளகின் பைபரினும் சேரும்போது அந்த எண்டாக்சிஃபென் சுமார் 12 விழுக்காடு குறைந்தது. உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொன்னார். குழம்பில் போடும் மஞ்சளும் ரசத்துக்கு மிளகும் இந்தக் கணக்கில் வராது, அதை நினைத்து யாரும் சாப்பாட்டை மாற்ற வேண்டாம். பேச்செல்லாம் செறிவாக்கிய கேப்ஸ்யூலைப் பற்றித்தான்.


ஊர்க்குருவி எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், எனக்கு ஒப்பவில்லை. மருதம்பட்டையை நம் ஆட்கள் எத்தனை தலைமுறையாக இதயத்துக்குக் கொடுத்து வருகிறார்கள். வைகைக் கரையில் மருத மரம் நின்றதால்தான் மதுரைக்கே அந்தப் பெயர் என்று சொல்பவர்கள் உண்டு, திருவிடைமருதூர்க் கோயிலுக்குத் தலமரமே மருதம்தான். என் அப்பாவுக்கு இதய வீக்கம் வந்து ஐந்து வருடம் அந்தக் கசாயத்தோடுதான் நடமாடினார். ஆங்கில மருத்துவத்தில் காப்புரிமை இல்லாத எதையும் யாரும் பெரிய ஆய்வு செய்ய மாட்டார்கள், பணம் வராதே. ஆய்வு இல்லை என்பதை வைத்துக்கொண்டு வேலை செய்யாது என்று சொல்வது நியாயமா? விஷத்தைக் கையுறை போட்டுக்கொண்டு நரம்பில் ஏற்றுகிறார்கள், பட்டைத் தண்ணீரைக் கண்டு பயப்படச் சொல்கிறார்கள்.


நெல்லைச்சீமை எழுதியது:

ஊர்க்குருவி அண்ணா, பணம் வராத மருந்தை யாரும் பெரிதாக ஆராய்வதில்லை என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு, அதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வேலை செய்யாது என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் அப்பாவுக்கு இருந்தது இதய நோய் மட்டும். இந்த அம்மாவுக்கு உடம்பில் ஒரு மருந்து ஏதோ ஒன்றைக் கொல்ல வேண்டியிருக்கிறது, அதே நேரத்தில் இன்னொன்றைக் கொல்லாமல் இருக்க வேண்டியிருக்கிறது. நம் முன்னோர் மருதம்பட்டை கொடுத்த எந்த நோயாளிக்கும் டாக்ஸோரூபிசின் போகவில்லை. அந்த மருந்து வந்ததே 1960களின் கடைசியில். அதனால் தலைமுறை அனுபவம் என்பது இந்த ஒரு விஷயத்தில் நமக்குக் கை கொடுக்காது.

அப்புறம், இயற்கை ஒரு பக்கம், கீமோ இன்னொரு பக்கம் என்று பிரிக்க முடியாது அண்ணா. டாக்ஸோரூபிசினே ஒரு மண் பாக்டீரியா தந்தது, இத்தாலியில் ஒரு பழைய கோட்டைப் பக்கத்து மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரின் வழிவந்தது, ஏட்ரியாட்டிக் கடலின் பெயரில்தான் அட்ரியாமைசின் என்று வைத்தார்கள். பாக்லிடாக்செல் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் வந்தது, குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் அதுதான் முதல் வரிசை மருந்துகளில் ஒன்று. யாரும் அந்தச் செடியைக் கசாயம் வைத்துக் கொடுப்பதில்லை. அளவு தெரிய வேண்டும், எதோடு சேரும் எதோடு சேராது என்று தெரிய வேண்டும். மருதம்பட்டைக்கும் ஒருநாள் அந்த மரியாதை கிடைக்கட்டும், நானே ஆசைப்படுகிறேன்.


வெண்மருது எழுதியது:

நான் சித்த மருத்துவர், தஞ்சைப் பக்கம், 19 வருடமாகப் பார்க்கிறேன். மருதம்பட்டையை நானே தினமும் எழுதுகிறேன், என் மேசையில் இருக்கிறது. அதனால் என் வார்த்தையைப் பெரியப்பாவிடம் காட்டலாம், அவர் கேட்பார் என்று நம்புகிறேன்.

கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போது நான் மருதம்பட்டை கொடுப்பதில்லை. என்னிடம் வருகிறவர்களிடம், கீமோ முடிந்து ரத்த அணுக்களும் கல்லீரலும் சரியான பிறகு அறிக்கைகளோடு வாருங்கள், உங்கள் புற்றுநோய் மருத்துவருக்கும் தெரியட்டும், அப்போது பார்ப்போம் என்றுதான் சொல்கிறேன். டாக்ஸோரூபிசினை வெளியேற்றுவது பெரும்பாலும் கல்லீரல். சைக்ளோபாஸ்பமைடு கல்லீரலில் மாறித்தான் மருந்தாகவே ஆகிறது. அந்த உறுப்பு இவ்வளவு வேலை பார்க்கும்போது அதன் மேல் இன்னொரு சுமை ஏற்ற எனக்கு மனம் வருவதில்லை. கொன்றைப்பூ எழுதியது போல இரண்டு பேரை நானும் பார்த்திருக்கிறேன், இரண்டு பேரும் வேறு இடத்தில் வாங்கிக் குடித்தவர்கள். சீந்திலால் கல்லீரல் பாதிப்பு வந்ததாக 2021ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் அது சரியான செடிதானா என்று கேட்டு அதை மறுத்தது. அந்த வாதம் எப்படிப் போனாலும், என்ன செடி என்று உறுதியாகத் தெரியாமல் குடிக்கக் கூடாது என்பதில் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை.

கடைத்தூள் விஷயமும் அதுதான். வெண்மருதும் கருமருதும் வேறு வேறு மரம். முழுப் பட்டையாக இருந்தால் பழகிய கண் ஓரளவு பிரித்துவிடும். தூளாக அரைத்துவிட்டால் நானே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கால் கிலோ தூளில் என்ன இருக்கிறது, எத்தனை நாள் மூட்டையில் கிடந்தது, பூஞ்சை பிடித்ததா, யாருக்குத் தெரியும்? வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும் ஒருவருக்கு அதைக் கொடுப்பதா?

இன்னொன்று, உங்கள் அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். மருதம்பட்டை பிரஷரைக் கொஞ்சம் இறக்கும். கீமோ முடிந்து வாந்தி, சாப்பாடு இறங்காமல் சோர்ந்து கிடக்கும் நாட்களில் இரண்டும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுந்துவிட வாய்ப்பு உண்டு.


எக்கோ அறை எழுதியது:

நான் இதயப் பிரிவில் எக்கோ எடுப்பவள், கீமோ நோயாளிகள் தினமும் வருவார்கள். மூலிகையைப் பற்றி மேலே நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் இந்தத் தம்பியின் பயத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கசாயம் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் அந்தப் பயம் போகாது, வேறு ஒரு வீடியோ பார்க்கத் தோன்றும்.

அம்மாவுக்கு மொத்தம் எவ்வளவு டாக்ஸோரூபிசின் போகப் போகிறது என்று கணக்குப் போடுங்கள். வழக்கமாக உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம், நான்கு தடவைக்கு 240. இந்த மருந்தின் இதயப் பாதிப்பு மொத்த அளவைப் பொறுத்து ஏறும். 2003ல் 630 நோயாளிகளை வைத்துப் போட்ட கணக்கில், 400 மில்லிகிராமைத் தொட்டவர்களில் சுமார் 5 விழுக்காட்டினருக்கு இதயச் செயலிழப்பு வந்திருந்தது, 550ல் அது 26 ஆக ஏறியது. அதனால்தான் இப்போது மொத்த அளவை இவ்வளவு கீழே நிறுத்திக்கொள்கிறார்கள். 240ல் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், வயது, பிரஷர் எல்லாம் சேரும், ஆனால் நீங்கள் ராத்திரி விழித்துக்கொண்டு நினைக்கிற அளவு இல்லை.

அப்படியே பாதிப்பு வந்தாலும் அது ஒருநாளில் வந்து விழுவதில்லை, பெரும்பாலும் நாங்கள் பார்த்துப் பிடிக்க முடியும். மிலானில் 2,625 நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2015ல் வெளியிட்டார்கள். 9 விழுக்காட்டினருக்கு இதயத்தின் பம்பிங் குறைந்தது, அதில் 98 விழுக்காடு கீமோ முடிந்த முதல் வருடத்துக்குள்ளேயே தெரிந்துவிட்டது. சீக்கிரம் பிடித்து, எனாலாப்ரில், பீட்டா பிளாக்கர் மாதிரிச் சாதாரண இதய மாத்திரைகள் கொடுத்ததில் 82 விழுக்காட்டினருக்குத் தேறியது. முழுவதும் பழைய நிலைக்கு வந்தவர்கள் 11 விழுக்காடுதான், மற்றவர்கள் ஓரளவு தேறினார்கள், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதனால் எக்கோவைத் தவறவிடாதீர்கள். வீட்டில் எல்லோரும் கீமோ தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறார்கள், எக்கோ தேதியை மறந்துவிடுகிறார்கள். கீமோ முடிந்த பிறகு "இனி எதற்கு" என்று வராமலே போய்விடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

டாக்டரிடம் கேட்க உங்களுக்கு மூன்று நிமிடம் என்றால் இதைக் கேளுங்கள். அடுத்த எக்கோ எப்போது, முடிந்தால் ஸ்ட்ரெயின் அளவும் பார்க்க முடியுமா என்று. ஈ.எஃப். குறைவதற்கு முன்பே தசை இழுபடும் விதத்தில் மாற்றம் தெரியும், அதுதான் ஸ்ட்ரெயின், எல்லா இடத்திலும் அந்த வசதி இருக்காது. கீமோவுக்கு முன் ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம்) ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். புற்று செல்லில் பார்க்கும் எச்.இ.ஆர். 2 என்ற புரதம் பாசிட்டிவா என்று பாருங்கள், பாசிட்டிவ் என்றால் பின்னால் அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் ட்ராஸ்டுஸுமாப் என்ற மருந்து வரும், அதுவும் இதயத்தைத் தொடும், அப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ கட்டாயம். பிரஷரை வீட்டிலேயே தினம் அளந்து எழுதி வையுங்கள், நம் கையில் இருக்கிற மிகப் பெரிய பாதுகாப்பு அது. முடிகிற நாளில் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள், மாடியில் ஐந்து நிமிடம் என்றாலும் சரி.

இதயத்தைக் காக்க மருந்தே இல்லையா என்று கேட்பீர்கள். டெக்ஸ்ராசாக்சேன் என்று ஒன்று இருக்கிறது, அமெரிக்காவில் 1995லேயே அனுமதி கிடைத்தது. நெல்லைச்சீமை எழுதிய அந்த நொதியையும் இரும்பையும் இரண்டையுமே அது தொடுகிறது. ஆனால் அதைப் பெரும்பாலும் 300 மில்லிகிராமுக்கு மேல் போகிற நோயாளிகளுக்குத்தான் யோசிப்பார்கள், உங்கள் அம்மாவுக்கு 240. கொழுப்பு மாத்திரை அட்டோர்வாஸ்டாட்டினையும் சோதித்திருக்கிறார்கள். 2023ல் நிணநீர்ப் புற்று நோயாளிகள் 300 பேரில் நல்ல பலன் தெரிந்தது, அதற்கு முந்தைய வருடம் வந்த ஆய்வில், பெரும்பாலும் மார்பகப் புற்று நோயாளிகள், வித்தியாசம் தெரியவில்லை. அம்மாவுக்குக் கொழுப்பு அதிகம் இருந்தால் அந்த மாத்திரை எப்படியும் தேவைப்படலாம், அதையும் டாக்டரிடமே கேளுங்கள்.

மூச்சு வாங்குவது, படுத்தால் இருமல், கால் வீக்கம், இரண்டு நாளில் இரண்டு கிலோ எடை ஏறுவது, இதில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.


காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்றாவது கீமோ நேற்று முடிந்தது, அம்மா தூங்கிக்கொண்டிருக்கிறார், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தூளை எடுத்துக்கொண்டே போனேன். டாக்டர் திட்டவில்லை. கவரைப் பிரித்து முகர்ந்து பார்த்தார், எத்தனை நாளாகக் கொடுக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார், இன்னும் கொடுக்கவில்லை என்றதும் நல்லது என்றார். கேட்டதற்காக ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை, பத்தில் ஆறு பேர் சொல்லாமலே குடிக்கிறார்கள், நீங்கள் கொண்டுவந்து காட்டினீர்களே என்றார். நான்காவது கீமோவுக்கு முன்னால் எக்கோ எழுதியிருக்கிறார். ஸ்ட்ரெயின் பார்க்கும் மெஷின் அங்கே இல்லையாம், பக்கத்து ஊரில் இருக்கிறது, எழுதித் தருகிறேன் என்றார். எச்.இ.ஆர். 2 நெகட்டிவ். மொத்த அளவு 240தான், எக்கோ அறை அக்கா சொன்னதேதான்.

பெரியப்பாவிடம் வெண்மருது ஐயா எழுதியதை ஃபோனில் பெரிய எழுத்தாக்கிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். கருமருது, வெண்மருது என்ற இடத்தில் நிறுத்தி, நானும் சின்ன வயதில் ஆற்றங்கரையில் இரண்டையும் பார்த்திருக்கிறேன், இது தூளாகத்தான் கொடுத்தான் என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும் சொல்லு என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பிரஷர் மெஷின் ஒன்று வாங்கி வந்து அவரிடமே கொடுத்துவிட்டேன். காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் வந்து அளந்து நோட்டில் எழுதுகிறார். இன்று காலை 128க்கு 82. எழுதி முடித்து, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார்.